பூப் பொத்தான்

திருத்தணியில் ஞாயிற்றுக்கிழமை, கரண்ட் இல்லை.
சாப்பாட்டு மேஜையில் பழைய பேப்பரை விரித்து
ஐந்தையும் எடுத்து வைத்திருக்கிறேன்,
கவிழ்ந்த பஸ்ஸிலிருந்து இறக்கி
சாலையோரம் உட்காரவைத்தவர்களைப் போல.

ஒரு வருஷம் தொடாததை வித்துடணும் என்கிறாள் ஹேமாவதி.
அந்தக் கணக்கில் முதலில் போக வேண்டியது
பால்கனியில் துண்டு காயும் நடைபயிற்சி எந்திரம்.
சொல்லவில்லை.

இன்ஷூரன்ஸ் சர்வேயர். இருபது வருடம்
நசுங்கிய லாரிகளைத்தான் எடுத்தேன்:
முகப்பு, பின்பக்கம், சேசிஸ் எண்,
உடைந்த கண்ணாடி,
இருக்கையின் கறையை விட்டுவிட்டு இருக்கையின் கிழிசல்.
இப்போது கம்பெனி செயலியில்தான் எடுக்க வேண்டும்.
நான் எங்கே நிற்கிறேன் என்று செயலிக்குத் தெரியும்.
கேமராவுக்குத் தெரியாது.

நகரி சாலையில் ஒருமுறை வெங்காய லாரி,
முன்சக்கரம் ஆந்திராவில், பின்சக்கரம் நம்மிடம்.
இரண்டு ஸ்டேஷன்காரர்களும்
உங்களது, இல்லை உங்களது என்று
பந்தியின் கடைசி லட்டைப் போல
உபசரித்துக்கொண்டிருந்தார்கள்.
இந்தச் சின்னக் கறுப்புக்கு அகலக் கண்.
இரண்டு மாநிலப் பலகையும் ஒரே படத்தில் விழுந்தன,
நடுவில் வெங்காயம்.

அடுத்தது வெள்ளிநிறம். ஏகாம்பரகுப்பத்துத் தறிப் பஞ்சு உள்ளே போய்
லென்ஸ் பாதி நீண்டு அப்படியே நிற்கிறது,
யாரோ குறுக்கே பேசியதால்
சொல்ல வந்ததை மறந்தவன் மாதிரி.
ரிப்பேர்க்காரன் கை விரித்துவிட்டான்.
புத்தூர்க் கட்டுதான் பாக்கி.

நூற்று முப்பத்தைந்து எம்.எம். லென்ஸ், உள்ளே பூஞ்சை.
பொருத்த உடலும் இல்லை.
எப்போதாவது வெறுமனே கண்ணில் வைத்துக்கொண்டு
நகரி மலையின் மூக்கு இருக்கும் திசையைப் பார்ப்பேன்.
மூக்கு தலைகீழாகத் தெரியும்.

ஐம்பது எம்.எம். யார் கொடுத்தது என்று கேட்காதீர்கள்.
அந்த க்ளெய்ம் நியாயமாகத்தான் பாஸ் ஆனது.
ஆனாலும் விலை பேசும்போது
எங்கே வாங்கியது என்று ஒருவன் கேட்பான் இல்லையா.
அலமாரிக்கே திரும்புகிறது.

ஆரஞ்சு, தண்ணீர் புகாது.
தலக்கோனா அருவிக்கென்று வாங்கினோம்.
நனைந்தது ஒரே முறை, சாம்பாரில்.

பதினொன்றரைக்கு ஓபுல்ரெட்டி வந்தார்,
புத்தூர்ப் பக்கம் ஆறு ஏக்கர் மாந்தோப்பு.
மாம்பூவில் தத்துப்பூச்சி, போனில் எடுத்தா
ஆபீசருக்கு வெறும் புள்ளிதான் தெரியுதண்டி.
கறுப்பைக் கையில் எடுத்தார்.
டீ தம்ளரின் விளிம்பில் ஓர் எறும்பு.
பூப் படம் போட்ட பொத்தானை அமுக்கி
விரற்கடை தூரத்துக்குக் கொண்டுபோனார்.

ஒன்பது வருடம் என் கட்டைவிரல்
இளைப்பாறிய இடம் அது.
ஒருநாளும் அமுக்கியதில்லை.
பம்பருக்கு எதற்குப் பூ?

திரையில் எறும்பு கிடாரி அளவுக்கு நின்றது.
அதன் மீசை நுனியில்
ஒட்டியும் ஒட்டாமலும் ஒரு சர்க்கரைத் துணுக்கு.
பாகுந்தி, என்றார் ரெட்டி, தனக்குத்தானே.

மூவாயிரம் என்று போனிலேயே முடித்த விலை.
மூவாயிரத்து இருநூறு என்றேன்.
எதுக்கண்டி இருநூறு?
பூவுக்கு.
அவர் சிரித்த சிரிப்பில் ஹேமாவதி எட்டிப் பார்த்தாள்.
நூறு எடுத்து வைத்தார், பேரமும் அதோடு சரி.

லாரிகள் வெளியே போகக் கூடாது, கம்பெனி விதி.
கார்டை ஃபார்மேட் செய்தேன்.
எறும்பும் அதோடு போயிற்று.

பைக் சத்தம் ஆறுமுகசாமி கோயில் தெருவைத் தாண்டும்வரை
தம்ளரைக் கழுவப் போடவில்லை.
பிறகு ஆரஞ்சை எடுத்து
மெனுவில் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன்.
மூன்றாம் பக்கத்தில், கடிகாரத்துக்குக் கீழே,
இதிலும் ஒரு பூ.

விற்கவில்லை என்று சொன்னால்
நடைபயிற்சி எந்திரத்தைப் பற்றி அவள் ஆரம்பிப்பாள்.
பேட்டரி ஒரு கோடுதான் இருக்கிறது.
கரண்ட் இன்னும் வரவில்லை.